வெளியே தெரியக் கூடாது

"தெரியுது," என்றாள் ஒலீட்டா, கணவர் டெல்மரைக் கட்டிப்பிடித்தபடியே.

துப்பாக்கிக் கடைக்காரர் ராய்ஸ், டெல்மரின் இடுப்பிலிருந்து ரிவால்வரை உறையோடு உருவிக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். வரிசையாக எடுத்து வைத்த ஐந்தில் அது மூன்றாவது.

டெல்மருக்கு எழுபத்தொரு வயது. சர்ச் வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பது அவர் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை நூற்றைம்பது பேரையாவது கட்டிப்பிடிப்பார். ஒருவரை விட்டுவிட்டால்கூட அவர் அந்த வாரம் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். காலம் கெட்டுக் கிடக்கிறது, வாசலில் நிற்கிற நீங்கள் துப்பாக்கி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள் என்று பாஸ்டர் போன வாரம் சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து டெல்மருக்கு ஒரே கவலை. இரும்பு இடித்தால் யார் கிட்டே வருவார்கள்? இருபது வருஷம் சம்பாதித்த பிரியம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போய்விடும்.

ராய்ஸ் பொறுமையாகவே சொல்லியிருந்தார். "குழல் எல்லாத்துக்கும் குட்டைதான். துப்பாக்கியோட உடம்புதான் வித்தியாசம். சின்ன உடம்புன்னா அஞ்சு குண்டு, நல்லா மறையும், ஆனா சுட்டா கை எரியும். பெருசுன்னா ஆறு குண்டு, கைக்குச் சுகம். ஆனா உங்க தொப்பைக்குப் பக்கத்துல இன்னொரு தொப்பை."

நான்காவதை மாட்டினார். ஒலீட்டா கன்னத்தை டெல்மரின் தோளில் சாய்த்து, கண்ணை மூடி, ரொம்ப நேரம் யோசித்தாள்.

"இதுவும் தெரியுது."

டெல்மருக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. வீட்டில் இவ்வளவு நேரம் ஒட்டி நின்று எத்தனையோ வருஷமாயிற்று. சர்ச்சிலும் இல்லை. ஒலீட்டா ஆர்கன் வாசிக்கிறவள். எல்லோருக்கும் முன்னால் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போய்விடுவாள்.

ராய்ஸ் தாடையைச் சொறிந்தார். முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறவர்.

"கடைசியா ஒண்ணு இருக்கு. கடையிலேயே சின்னது."

நான்காவதை உருவி மேஜைமேல் வைத்துவிட்டு, டெல்மரின் பின்னால் போய்ப் பெல்ட்டை இழுத்தார், தட்டினார், சட்டையை இறக்கிவிட்டார். "இப்பப் பாருங்கம்மா."

ஒலீட்டா இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள்.

அவள் தலைக்கு மேலாக டெல்மர் மேஜையைப் பார்த்தார். ரிவால்வர்கள் ஐந்தும் அங்கேயே வரிசையாகக் கிடந்தன. ராய்ஸ் ஆறிப்போன காபியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"தெரியுதா?" என்று கேட்டார் டெல்மர்.

"நல்லாவே தெரியுது."

நான்காவதை வாங்குவது என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். சர்ச்சுக்கு வருகிறவர்களை ஒரு கையால் அணைத்து முதுகில் தட்டுவதுதான் அவர் வழக்கம். இப்போது மற்ற கையையும் சுற்றிப் போட்டார். மனசு நிறைந்து போயிருந்தது.

"ராய்ஸ், உள்ள வேற ஏதாவது இருந்தா தேடி எடுத்துட்டு வாங்களேன்," என்றார். "அவசரமில்ல."