பன்னிரண்டாம் நம்பர் சப்பாத்து

"டேய் யாகப்பர், அது எனக்கெண்டு வந்த சப்பாத்தடா! கீழ வை!"

காமில் போட்ட சத்தத்தில் களஞ்சியக் கூரையில் இருந்த காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் அது. சண்டையில் காயப்பட்டவர்களைத் தூக்கிவந்து கட்டுப்போட, பட்டாளத்து வைத்தியப் பிரிவுக்கு மன்னாரிலும் ஆள் சேர்த்தார்கள். பயிற்சி முடிந்து, அன்றைக்குச் சாமான் எடுக்கிற நாள். விடிந்தால் ரயில். பிறகு கப்பல். அது எங்கே போகும் என்று கப்பலுக்கே தெரியாது.

காமிலுக்குப் போயே ஆகவேண்டும். "ஜப்பான்காரனே காயப்பட்டு வந்தாலும் கட்டுப்போட்டுத்தான் அனுப்புவன்" என்று தேத்தண்ணிக் கடையெல்லாம் சொல்லி முடித்தாயிற்று. பெண்சாதி ஹிதாயா மாத்திரம் நிறைவயிற்றோடு நின்று, "போகாதீங்க" என்றாள்.

"பொம்பிளையளுக்குச் சண்டையைப் பத்தி என்ன தெரியும்?" என்றான் காமில்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. காமிலுக்கு வலு சந்தோஷம்.

களஞ்சியப் பொறுப்பாளர் சாஹுல் ஹமீட் காலையிலேயே சொல்லியிருந்தார். "வடிவு பார்த்து எடுக்காதீங்கோ தம்பிமார். காயக்காரனையும் தூக்கி, இதையும் தூக்கி நடக்கவேணும்."

காமில் கேட்பானா? ஆகப் பெரிய தண்ணீர்ப் போத்தல். ஆகப் பெரிய பை. இடுப்பில் ஒரு கத்தி, அதற்குத் துணையாக இன்னொரு கத்தி. கழுத்தில் விசில். எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு குனிந்தவன் நிமிர முடியாமல் நின்றான்.

அவனோடு ஒரே தோணியில் மீன்பிடிக்கப் போகிற யாகப்பரோ அளவான பையாக ஒன்று எடுத்தான். கட்டுத்துணிகளை மெழுகுத் துணியில் சுற்றி உள்ளே வைத்தான். கத்தரிக்கோலை விழாமல் கயிற்றில் கட்டினான்.

"இவன்தான் மருந்துப் படைக்கு ஏற்ற ஆள்" என்று சாஹுல் ஹமீட் வாயாரப் புகழ்ந்தார்.

அந்தப் புகழ்ச்சி சப்பாத்துச் சாக்கு வரும்வரைதான்.

சாக்கில் பன்னிரண்டாம் நம்பர் ஒரேயொரு சோடி இருந்தது. காமிலின் கால் துடுப்புப்போல. அதைவிட்டால் வேறு எதுவும் அவனுக்குச் சேராது. யாகப்பரின் கால் ஏழாம் நம்பர். காமில் இடுப்பு வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், யாகப்பர் போய் அந்தப் பன்னிரண்டைத் தூக்கிக் காலில் மாட்டிக்கொண்டான்.

"உனக்கென்ன விசரா? ரெண்டு காலையும் ஒண்டுக்குள்ள வைக்கலாமடா!" காமில் குதித்தான்.

"என்ர கால் வீங்கிற கால்" என்றான் யாகப்பர்.

"எப்ப வீங்கினது?"

"இனித்தான் வீங்கும்."

வழக்கு வெள்ளைக்காரக் கப்டனிடம் போனது. சாஹுல் ஹமீட் மொழிபெயர்த்துச் சொன்னார். கப்டன் யாகப்பரின் காலைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார், ஏதோ சொன்னார்.

"வீங்கமுன்னமே யோசிக்கிறானாம். நல்ல சிப்பாயாம்" என்றார் சாஹுல் ஹமீட், தலையில் கைவைத்துக்கொண்டு. "முதல்ல எடுத்தவனுக்குத்தான் சப்பாத்தாம்."

"அப்ப நான் வெறுங்காலோட போறன்! கடலுக்குள்ள முருகைக்கல்லில நடந்த கால் இது!"

கப்டன் தலையை ஆட்டினார்.

"கால் உன்ரதானாம். ஆனா அதில முள்ளுக் குத்தினால் கட்டுற துணி ராசாவின்ரயாம். சப்பாத்து இல்லாதவனுக்குக் கப்பல் இல்லை."

காமில் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தான். பை, போத்தல், ரெண்டு கத்தி. விசிலைக் கொடுக்கும்போது மாத்திரம் கண் கலங்கிவிட்டது.

அன்றைக்கு மாலை கடைத்தெரு வழியே நடந்த அணிவகுப்பில் யாகப்பர் வலப்பக்கம் திரும்பினான். சப்பாத்து கொஞ்சம் யோசித்துவிட்டுப் பிறகு திரும்பியது. கடைத்தெருவே சிரித்தது. காமிலுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே சட்டியில் சோறு தின்றவன் இப்படிக் காலை வாரிவிட்டானே என்று பொருமினான்.

காலையில் நேரே ஸ்டேஷனுக்குப் போனான், நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று.

"கள்ளன்! உனக்குச் சேராத சாமானை எடுத்து, மற்றவன்ர வாழ்க்கையில மண் போட்டிட்டாய்!"

யாகப்பர் பெட்டி வாசலில் நின்று பல்லைக் காட்டினான்.

"கத்தாத மச்சான். திரும்பி வந்தால் உனக்கே தாறன்."

ரயில் போய்விட்டது. காமில் வீட்டுக்கு வந்து, கதிரையில் பொத்தென்று விழுந்தான்.

"போயிட்டான் அந்தக் கள்ளன்! ஆனா அல்லாஹ் இருக்கிறான். ரயில்ல ஏறேக்க பார்த்தன், நொண்டி நொண்டி ஏறினான்!"

தேத்தண்ணீர் கொண்டுவந்த ஹிதாயா அப்படியே நின்றுவிட்டாள்.

"நொண்டினவரா? ஐயோ, சப்பாத்துக்குள்ள வைச்சு அடைக்கச் சொல்லி என்ர தலகாணியைப் பிரிச்சுப் பஞ்சு குடுத்துவிட்டனானே... நான் அழுது கேட்டதுக்காக அந்த மனிசன் எவ்வளவு தூரம் அதோட நடக்கப்போகுதோ!"