எங்கடை வாத்தியார்

ஐம்பது வயதுச் சிவக்கொழுந்து வாத்தியார் வாக்கு எண்ணும் இடத்துக்கு, வவுனியாவுக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி கமலாசனியின் உயிர் அக்கராயன் ஊரிலுள்ள வீட்டு வாசற்படலையில் நின்றது. கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தவர் 1960ஆம் ஆண்டில் எம்.பி. ஆனார், இது அவருடைய இரண்டாவது தேர்தல்.

திடீரென்று சந்தியில் சீனவெடி சடசடத்தது.

“வெண்டிட்டார்!”

அப்படிக் கத்திக்கொண்டே கமலாசனி குசினிக்குள் ஓடி ஆலாத்தித் தட்டோடு வந்தாள்.

உழவு மெசின் பெட்டியில் மாலையும் கழுத்துமாக வாத்தியார் வந்துகொண்டிருந்தார். முன்னால் கடைக்காரச் சரீப் நானா ஆடிக்கொண்டு வந்தார். “எங்கடை வாத்தியார்! எங்கடை வாத்தியார்!” என்று ஊரே கத்தியது.

“எத்தினை வாக்காலை?” என்று கேட்டபடி கமலாசனி தட்டை உயர்த்தினாள்.

“அதை இறக்குமப்பா. நான் தோத்திட்டன்,” என்றார் வாத்தியார்.

கமலாசனி கூட்டத்தைப் பார்த்துச் சீறினாள். “தோத்ததுக்கோ வெடி கொளுத்துறியள்? உங்களுக்கு வாய்க்கால் வெட்டித் தந்தவரெல்லே!”

“கோவியாதேங்கோ தங்கச்சி,” என்றார் சரீப் நானா. “மாஸ்டர் கொழும்புக்குப் போனதிலையிருந்து பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிக்க ஆளில்லை. ஒரு வாத்தியாரைத் தாங்கோ எண்டு அவரே பாராளுமன்றத்திலை எழும்பி எழும்பிக் கேட்டார். ஒருத்தரும் தரேல்லை.”

“அதுக்கு?”

“அதுதான் ஊரெல்லாம் சேர்ந்து மற்ற ஆளுக்குப் புள்ளடி போட்டு, எங்களுக்கு ஒரு வாத்தியாரை நாங்களே எடுத்திட்டம்.”

வாத்தியார் மாலைக்குள் முகத்தைப் புதைத்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றுதான் கமலாசனி பயந்தாள். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

அவள் தட்டைத் திரும்ப உயர்த்தினாள்.

“பள்ளிக்கூடத்திலை உங்கடை கதிரை வெறுமையாத்தான் கிடக்கு மாஸ்டர்,” என்றார் சரீப் நானா. “நாளைக்கு வேளைக்கு வாங்கோ.”