எழுத்து வராத படம்

"நர்சம்மா, இன்னிக்காவது கொஞ்சம் வாயை மூடிக்கிட்டுப் படம் காட்டுவீங்களா?"

கட்டட மேஸ்திரி இப்படிக் கேட்டதும் நூலக மாடியில் இருந்த இருபது பேரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. நர்சம்மா என் மனைவி ஆயிற்றே!

ஆறு வருஷமாக மாதத்தில் ஒரு ஞாயிறு, மத்தியானம் மூணு மணிக்கு அவள் இந்தப் படச் சங்கத்தை நடத்துகிறாள். ஆட்டம் பாட்டமெல்லாம் கிடையாது. துப்புரவுத் தொழிலாளி, அகதி, கொத்தடிமை என்று நிஜ மனிதர்களை வைத்து எடுத்த ஆவணப்படங்கள். பார்த்துவிட்டு, யாருடைய உரிமை பறிபோனது, நாம் என்ன செய்யலாம் என்று பேசுவார்கள். வெறும் பேச்சு இல்லை. துணிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நிற்கிறார்களே, அவர்களுக்கு உட்கார ஸ்டூல் போட வைத்ததே இந்தக் கூட்டம்தான்.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுவது, நாற்காலி போடுவது, ஒயர் மாட்டுவது எல்லாம் அடியேன்.

அவளிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். வெளிநாட்டுப் படம் என்றால் கீழே நம் மொழியில் எழுத்து ஓடும் இல்லையா? அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாக வாசித்துக்கொண்டே இருப்பாள். கேட்டால், "மனசுக்குள்ள படிச்சா எனக்கு மண்டையில ஏறாது" என்பாள்.

"ஏம்மா, எங்களுக்கெல்லாம் கண்ணு இல்லையா? நாங்க என்ன பச்சைப் புள்ளைங்களா?" மேஸ்திரி விடவில்லை. மாதா மாதம் இதே பாட்டுத்தான்.

வக்கீல் எழுந்தார். "ஓட்டுக்கு விட்டுடலாம். வாசிக்க வேண்டாம்னு நினைக்கறவங்க கை தூக்குங்க."

பதினாறு கை. மேஸ்திரியின் கை கடைசியாகத்தான் மேலே போனது.

"பெரும்பான்மை சொன்னா சரிதான். இனிமே வாசிக்கலை" என்றாள் என் மனைவி. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

அன்றைய வெளிநாட்டுப் படம், கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து செத்தவர்களைப் பற்றியது. மறுநாள் நகராட்சியில் பாதுகாப்பு வலை கேட்டு மனு கொடுப்பதாக ஏற்பாடு. அங்கே யார் பேசுவது என்று படம் முடிந்ததும் முடிவு செய்ய வேண்டும்.

விளக்கை அணைத்தேன். படம் ஓடியது. ஒரு பெண் அழுது அழுது என்னவோ சொல்கிறாள். கீழே எழுத்தே வரவில்லை.

"என்னம்மா இது? ஒண்ணும் புரியலையே!"

"ஐயையோ!" அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எழுத்து இல்லாத பிரதியை எடுத்துட்டு வந்துட்டேன் போலிருக்கு. என் தப்புதான். வசனம் முழுக்கப் பேப்பர்ல இருக்கு. வேணும்னா..."

"வேணும்னாவா? வாசிச்சுத் தொலைங்க!" என்றார் மேஸ்திரி.

செல்போன் வெளிச்சத்தில் நாற்பது நிமிஷம் வாசித்தாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

விளக்கைப் போட்டதும் மேஸ்திரி எழுந்தார். எட்டாவது மாடியில் இடுப்பில் கயிறு இல்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று பேசினார் பாருங்கள், அப்படியொரு பேச்சு!

"அந்தப் பொண்ணு கேட்டாளே, 'வலை கட்ட நேரமில்லைன்னீங்க, என் புருஷனை அள்ள மட்டும் எப்படி நேரம் கிடைச்சுது'ன்னு. அதையே நாளைக்கு நான் கேக்கறேன்."

வக்கீலே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபேச்சில்லாமல் மேஸ்திரியையே தேர்ந்தெடுத்தார்கள்.

கையோடு வக்கீல் இன்னொன்றும் சொன்னார். "நர்சம்மா தப்பா நினைக்கக் கூடாது. படத்தைச் சரிபார்க்காமக் கொண்டு வர்ற அளவுக்கு ஆயிடுச்சு. அடுத்த மாசத்திலிருந்து சங்கத்துப் பொறுப்பை நான் பார்த்துக்கறேன்."

யாரும் மறுக்கவில்லை. எனக்கு ரத்தம் கொதித்தது.

"அந்த வாசிப்பு மட்டும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார் மேஸ்திரி. "எழுத்து எப்ப வரும், எப்ப வராதுன்னு யாரு கண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதற்கும் தலையாட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் கறுப்புத் துணியைப் பிடுங்கி எறிந்தேன். "காலையில நான் போட்டுப் பார்த்தேன். எழுத்து அழகா ஓடிச்சு. நீதானே நிறுத்தினே?"

"ஆமாங்க."

"உரிமை, நியாயம்னு பேசற இடத்துல பச்சைப் பொய்! ஆறு வருஷமாக் கட்டிக் காத்ததைத் தூக்கிக் கொடுத்துட்டு நிக்கறியே!"

"படத்தை யாரு போட்டா என்ன? வாசிக்கலாம்னு சொல்லிட்டாங்கல்ல?" நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"அப்படி என்ன பொல்லாத வாசிப்பு?"

அவள் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தாள். "முதல் வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை கரண்ட் இல்லைன்னு, 'இன்று படம் இல்லை'ன்னு கதவுல பெரிசா எழுதி ஒட்டினோமே? அன்னிக்குச் சாயங்காலம் இந்தப் பக்கமா வந்தேன். மேஸ்திரி சலவைச் சட்டை போட்டுக்கிட்டு, அந்தப் பேப்பருக்கு நேர் எதிர்ல உட்கார்ந்திருந்தாரு. 'மூணு மணியிலிருந்து காத்துக்கிட்டிருக்கேன், ஏம்மா இன்னும் கதவு திறக்கலை?'ன்னு கேட்டாரு."

நான் பிடுங்கி எறிந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். "அப்ப அந்த மனுஷனே எதுக்கு வாசிக்காதேன்னு இந்தக் கத்து கத்தறாரு?"

"யாருக்காக வாசிக்கறேன்னு யாராவது தேடிடுவாங்களோன்னு பயம். கத்தட்டுமேங்க! அவர் கத்தற வரைக்கும் யாருக்கும் அவர் மேல சந்தேகம் வராது."