மாமியார் கை

ராக்காயியின் வலது கையை முழங்கை வரைக்கும் செம்மஞ்சள் மருந்தால் குளிப்பாட்டினாள் நர்ஸ் பிரமிளா மிஸ்ஸி.

அந்தக் கை, மாப்பிள்ளை பவித்ரனின் அடிவயிறும் தொடையும் சேரும் இடத்தில் அழுந்திக் கிடந்தது. எடுத்தால் ரத்தம் பீறிடும்.

அவசரப் பிரிவில் ஒரு டாக்டர் எடுத்துப் பார்த்தார். பார்த்த வேகத்தில் அவள் கையைப் பழைய இடத்திலேயே வைத்து அழுத்தினார். அதனால்தான் கட்டிலோடு கட்டிலாக அவளும் அறுவைச் சிகிச்சை அறைக்குள் நிற்கிறாள், பச்சை அங்கியும் தொப்பியுமாக.

எல்லாம் பாழாய்ப்போன மரவள்ளிக் கிழங்கால் வந்தது. பீடோர் ஊரில், பழைய ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால் அவள் நட்டு வைத்திருந்த கிழங்கைக் காட்டுப்பன்றி தோண்டியது. விரட்டப் போன மாப்பிள்ளையைக் கோரைப்பல்லால் கிழித்துவிட்டுப் போய்விட்டது.

ராக்காயிக்கு உயிரே போய்விட்டது. ஆனால் கை மட்டும் எங்கே போக வேண்டுமோ அங்கே போய்விட்டது.

போகக் கூடிய இடமா அது!

மாப்பிள்ளை கூடத்துக்கு வந்தால் அவள் சமையலறைக்குப் போவாள். அவர் சமையலறைப் பக்கம் வந்தால் கொல்லைக்குப் போவாள். கல்யாணமான நாளிலிருந்து நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது. "மாப்பிள்ளைக்கு ரசம் வேணுமான்னு கேளு" என்று மகள் ஷாமினியிடம்தான் சொல்வாள். எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையும் லேசுப்பட்டவரா? "போதும்னு அத்தைகிட்ட சொல்லு" என்பார், அதே ஷாமினியிடம்.

இன்றைக்கு அந்த மரியாதையெல்லாம் காற்றில் பறந்துவிட்டது. தொட்டதுகூடப் பரவாயில்லை. ஆம்புலன்சில் அவள் வாயிலிருந்து வந்ததுதான் கொடுமை.

"டேய் பவித்ரா! கண்ண தொறடா! எங்கள விட்டுட்டுப் போயிருவியாடா?"

நல்லவேளை, மாப்பிள்ளைக்கு நினைவில்லை. வழி நெடுகக் கண்ணை இறுக மூடியபடியே வந்தார்.

டாக்டர் தேவிஸ்ரீ வயிற்றைத் திறந்தார். ராக்காயி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயை மேலேயே பிடித்து அடைத்துவிட வேண்டுமாம். அதுவரைக்கும் கீழே அவள் கைதான் அடைப்பு. விரல்கள் மரத்துப்போயின. முனியாண்டி, கிழங்கு முழுக்கப் பன்றிக்கே போகட்டும், பிள்ளையை மட்டும் விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டாள்.

"பிடிச்சாச்சும்மா. இப்ப கைய எடுங்க."

ராக்காயி எடுக்கவில்லை.

எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. டாக்டர் தன் கையை அவள் கைமேல் வைத்து, ஒவ்வொரு விரலாக விலக்கினார்.

ரத்தம் பீறிடவில்லை.

ராக்காயி அங்கேயே ஓவென்று அழுதாள். பிரமிளா மிஸ்ஸிதான் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

கிழிந்த குழாயைத் தைத்தார்கள். காலும் பிழைத்தது, ஆளும் பிழைத்தார்.

இரண்டு நாள் கழித்து, வார்டில் மாப்பிள்ளை கண் விழித்தபோது பக்கத்தில் ராக்காயி மட்டும்தான் இருந்தாள். ஷாமினி மைலோ வாங்கக் கீழே கேண்டீனுக்குப் போயிருந்தாள். கண் திறந்ததைப் பார்த்ததும் ராக்காயி சட்டென்று கட்டிலின் திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பழக்கம் விடுமா?

பவித்ரன் திரைப்பக்கம் திரும்பவே இல்லை. விட்டத்தைப் பார்த்தபடி, அங்கே இல்லாத மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்.

"ஷாமினி, ஆம்புலன்சுல கூப்பிட்ட மாதிரியே இனிமே கூப்பிடச் சொல்லுலா அத்தைய. நல்லா இருந்துச்சு."

திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"ஷாமினி, தையல் பிரிஞ்சிரும். வாய மூடிக்கிட்டுப் படுக்கச் சொல்லு அந்தப் பயல."