ஆம்புலன்ஸ் குளிக்கிறது

மருத்துவமனையின் பின்வாசலில் மதிய வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஆம்புலன்ஸ் டிரைவர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு வண்டியைக் கழுவுகிறார். "சேத்துல புரண்டுட்டு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல உனக்கு?" என்று அதைத் திட்டுகிறார். நுரை டயரில் வழிகிறது. காலையில் அதே வண்டியில் கொண்டுவந்த குழந்தை பிழைக்கவில்லை. கூடவே வந்த நர்ஸ், அழுது வீங்கிய கண்களோடு படியில் உட்கார்ந்திருக்கிறாள். இவருக்குக் கல்நெஞ்சு என்றுதான் முதலில் நினைத்தாள். பளிச்சென்று இருக்கும் ஸ்ட்ரெச்சரை அவர் திரும்பத் திரும்பத் துடைப்பதை இப்போதுதான் கவனிக்கிறாள். "போதும்ணே, சுத்தமாத்தான் இருக்கு." "இருக்கட்டும்மா. அடுத்து ஏறுறவங்க பயந்துடக் கூடாதுல்ல?" சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை எங்கிருந்துதான் தேடி எடுக்கிறாரோ என்று அவளுக்கு மலைப்பாக இருக்கிறது. ஃபோன் அடிக்கிறது. வாளியைக் கவிழ்த்துவிட்டு அவர் ஓடிவருவதற்குள், மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.