பின்வரிசைக் குரல்

பழைய ரிசீவர், புது ஆம்ப்ளிஃபயர், இரண்டின் பிளக்கையும் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் தரையில் உட்கார்ந்தாள்.

ரிசீவரின் முதுகைத் தன் பக்கம் திருப்பினாள். ஒரே தூசி. தூசிக்குள் இத்தனை துளைகள்.

ஒரு ஜோடிக்கு மேலே 'பிரீ அவுட்' என்று பொடி எழுத்து. வாங்கியதிலிருந்து யாரும் தொடாத துளைகள். பாட்டு பலம் ஏறுவதற்கு முன்பே அந்த வழியாக வெளியே வந்துவிடுமாம். பலத்தைப் புது ஆம்ப்ளிஃபயர் கொடுக்குமாம்.

பார்ப்போம்.

அந்தத் துளைகளிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டு ஒயர். சிவப்பு வலதுக்கு. வெள்ளை இடதுக்கு. ஸ்பீக்கர் ஒயர்களை ரிசீவரிலிருந்து கழற்றி ஆம்ப்ளிஃபயரில் முடுக்கினாள். பிளஸ், மைனஸ். விரல் வைத்து மறுபடி சரிபார்த்தாள்.

பாளையங்கோட்டைக்கு வந்த நாள் முதல் அந்த ரிசீவர் இப்படித்தான். சத்தத்தைக் கூட்டினால் சூடேறித் தானாக அணைந்துவிடும்.

அவளுக்கோ சத்தம் வேண்டும். கிறிஸ்துமஸ் கீத ஆராதனைப் பதிவில் அண்ணன் ஜெபசிங் நிற்பது கடைசி வரிசையில். மைக்கெல்லாம் முன்னால், பெண்களிடம்.

அதுதான் அவனுடைய கடைசி கிறிஸ்துமஸ்.

பிளக்குகளை மாட்டி சுவிட்சைப் போட்டாள். முதலில் ரிசீவர். பிறகு ஆம்ப்ளிஃபயர்.

டப்பென்று ஒரு சத்தம். மெல்லிய இரைச்சல். பதிவை ஓடவிட்டாள். பிறகு ஆர்கன்.

கூட்டினாள். அணையவில்லை.

இன்னும் கூட்டினாள்.

பெண் குரல்களுக்குப் பின்னாலிருந்து ஆண் குரல்கள் ஒவ்வொன்றாக வந்தன. கனத்த குரல் ஒன்று. மூக்கால் பாடும் குரல் ஒன்று. நடுவே, சுருதிக்குச் சற்றுக் கீழே, பிடிவாதமாக இன்னொன்று.

முழங்காலில் எழுந்து நின்றாள்.

"அம்மா! இங்க ஓடி வாங்களேன். அண்ணன்!"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி அடுப்படியிலிருந்து வந்தாள். தலை சாய்த்துக் கேட்டாள். வெகுநேரம் கேட்டாள்.

"இது அவன் இல்லட்டீ."

"நல்லாக் கேளுங்கம்மா."

"நீ அப்ப ஹாஸ்டல்ல இருந்த. உனக்குத் தெரியாது. அன்னைக்கி அவன் பாடவே இல்ல. தொண்ட கட்டிப்போச்சு. புதுச் சட்ட எடுத்தாச்சேன்னு போயி நின்னு, சும்மா வாயத்தான் அசச்சான்."

அவள் கை குமிழுக்குப் போனது. அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொறைக்காத. இருமிக்கிட்டே கெடந்தான். பாட்டு நிக்கட்டும், கேக்கும்."

பாட்டு எப்போது நிற்கும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

ஒரு சரணம் முடிந்தது. அவள் குமிழைச் சட்டென்று முழுதும் கூட்டினாள். அறை முழுக்கக் கோயிலின் அமைதி. யாரோ தாள் புரட்டினார்கள். ஒரு செருப்பு நகர்ந்தது.

பிறகு, வெகு தொலைவில், இடது ஓரத்தில், அடக்கப் பார்த்து முடியாமல் ஓர் இருமல்.



"வெந்நி குடிச்சிட்டுப் போன்னேன்," என்றாள் அம்மா. "கேட்டானா?"