இருபதடி பிளெக்ஸ்

குன்னூர் மண்டபத்தில் வக்கீல் ராஜப்ரியாவுக்குப் பாராட்டு விழா. மேடைக்குப் பின்னால் அவள் சிரிக்கும் முகத்தோடு இருபதடி பிளெக்ஸ் தொங்குகிறது. வெளியே மழை விட்டபாடில்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் புதுக் கூரை போடச் சொல்லிக் கோர்ட்டில் உத்தரவு வாங்கியவள் அவள். அந்தத் தோட்டத்து மேனேஜரே மைக்கைப் பிடித்து, "எங்களையே ஜெயிச்ச மேடம்" என்று குழைகிறார். கூட்டம் கைதட்டுகிறது. மேடைப் படியில் ஏறி வந்த பேச்சி, கொழுந்து பறித்துக் கறுத்த விரலால் ராஜப்ரியாவின் சேலை நுனியை இழுக்கிறாள். "ஏனுங்க வக்கீலம்மா, விழா முடிஞ்சதும் அந்த பிளெக்ஸை எனக்குக் குடுத்துருங்க. போன விழா பிளெக்ஸை வேற லைன்காரங்க முந்திக்கிட்டாங்க. கட்டில் மேலயே ஒழுகுதுங்க." "எல்லா வீட்டுக்கும் கூரை போட்டாச்சுன்னு கோர்ட்டுல எழுதிக் குடுத்திருக்காங்களே?" "மொத ஊட்டுக்கு மட்டும் தகரம் போட்டு, போட்டோ புடிச்சுட்டுப் போனாங்க. அவ்வளவுதானுங்க." ராஜப்ரியா மேனேஜரைத் திரும்பிப் பார்க்கிறாள். பொன்னாடை தோளிலிருந்து நழுவுவதைக்கூடப் பார்க்காமல் எழுந்துபோய், பிளெக்ஸின் முதல் முடிச்சை அவிழ்க்கிறாள். "மேடம், விழா இன்னும் முடியலையே!" பதறுகிறார் மேனேஜர். "மழையும்தான் முடியல," என்று அடுத்த முடிச்சைப் பல்லால் கடித்து இழுக்கிறாள். சிரித்த முகம் அப்படியே சரிந்து, மைக்கோடு சேர்த்து அவரை மூடுகிறது.